நீலம் வந்து சேராத நேரம்

சாயப்பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் கலர் பார்க்க மாட்டோம். நூலைத் தொட்டியில் முக்கலாம், அலசலாம், பிழியலாம், காய வைக்கலாம். சாம்பிள் நூலைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பது மட்டும் கூடாது. அதற்கு வெயில் நன்றாக ஏறியிருக்க வேண்டும். நூல் நிழலில் இருக்க வேண்டும். வடக்குப் பார்த்த வாசல் என்றால் நல்லது.

ஆரணியில் எனக்குத் தெரிந்து பட்டுக்குச் சாயம் போடுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். ஏன் என்று நான் கேட்டதில்லை. லட்சுமி வருகிற நேரம் என்று சிலர் சொல்வார்கள். விளக்கு வைக்கிற நேரம், அதனால்தான் என்று சிலர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கூடாது என்றால் கூடாது. அவ்வளவுதான்.

வீட்டுக்குப் பின்னால்தான் என் பட்டறை. தகரக் கொட்டகை, அடுப்பு, செம்புத் தொட்டி, அலசுவதற்கு ஒரு சிமெண்ட் தொட்டி. பட்டு நூல் கச்சாவாக வரும். சவுக்காரச் சோப்பும் சோடாவும் போட்டு வேக வைத்தால் மேலே இருக்கிற பசை கரைந்து நூல் மெத்தென்று ஆகும். பளபளப்பு வரும். அதற்கு அப்புறம்தான் சாயம். நூலைக் கழி கழியாக, அதாவது சின்னச் சின்னக் கட்டாக, கோலில் மாட்டித் தொட்டியில் இறக்கித் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். பொடிக்கு அளவு இருக்கிறது. ஆனால் தண்ணீர் ஒரு நாள் போல் ஒரு நாள் இல்லை. நூலும் அப்படித்தான். கடைசியில் கண்தான் சொல்ல வேண்டும்.

நான் தொட்டியருகில் நிற்பேன். என் மனைவி வாசலில் உட்கார்ந்திருப்பாள். சந்தவாசல் ஊர்ப்பக்கத்துப் பெண். கழியின் நுனியைப் பிழிந்து அவளிடம் நீட்டுவேன். ஊதிக் காய வைத்து, சாம்பிளோடு சேர்த்துப் பிடிப்பாள்.

"போதும், எடுங்க."

"இன்னும் கொஞ்சம் நீலம் போட்டாத்தான் சரியா வரும்."

"ஒலை கொதிச்சிகினு கீது. நான் போவணும். எடுங்கன்னா எடுங்க."

எடுப்பேன். சோறு குழைந்துவிடும் என்கிற அவசரத்தில் சொல்கிறாள் என்று நினைப்பேன். ஒரு நாள் கோபத்தில் கத்தினேன்.

"கலரைப் பாக்கறியா, சோத்தைப் பாக்கறியா?"

"ரெண்டத்தையும் தான். ரெண்டும் கொழையக் கூடாது" என்றாள்.

போன சித்திரையில் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

காரியம் முடிந்து மகள் ஓசூருக்குக் கிளம்பும்போது என்னையும் கூப்பிட்டாள்.

"நீயும் வா நைனா. இங்க தனியா இன்னா பண்ணுவ?"

"வேலை கீது."

"அங்க வந்து சும்மா இரேன்."

"சும்மா இருந்து பழக்கமில்ல."

ஒரு பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். மாடி மேல் மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். மாப்பிள்ளை நல்ல மனிதர். ஆனால் காலையில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். டிவி முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். அது பேசிக்கொண்டே இருக்கும். என்னிடம் இல்லை. கரிநாள் கழிந்த கையோடு பஸ் ஏறிவிட்டேன்.

வேலை இருக்கிறவரை ஆரணி. வேலை போனால் ஓசூர். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தனியாக வேலை செய்தேன். அடுப்பை மூட்டுவது, நூல் வேக வைப்பது, அலசுவது எல்லாம் கைக்குப் பழகியதுதான். ஒன்றுதான் பழகவில்லை. கழி நுனியைப் பிழிந்துகொண்டு வாசல் பக்கம் திரும்புவேன். கை நீண்டபடியே நிற்கும். அப்புறம் நானே சாம்பிளை எடுத்து ஒத்துப் பார்ப்பேன். எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது.

எனக்கு நூல் கொடுக்கிற முதலாளி வயதில் சின்னவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவள் படுக்கும் முன்பு ஒரு கத்திரிப்பூ கலர் சேலைக்கு உடல் நூல் போட்டுக் கொடுத்திருந்தோம். முந்திக்கான நூலைக் காரியம் முடிந்து நான் மட்டும் போட்டேன். கொஞ்ச நாளில் முதலாளி வந்தார். முந்தி வேறு மாதிரி இருக்கிறது என்றார். "பரவால்லண்ணா, உங்க மனசு சரியில்ல. அத வேற சேலைக்கு மாத்திக்கறேன்" என்றார். சரி என்றேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத்தான் கண் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடியில் அந்த முந்திக்கே மறுபடி நூல் கொடுத்தார், அதே கலர். போட்டேன். இந்த முறை கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மத்தியானம். தறிக்காரர் ஒருவரும் இருந்தார். கலகலப்பான மனிதர்.

"வாங்கண்ணா. ஒடம்பு கத்திரிப்பூவு, முந்தி நாவாப்பழம். இத்தக் கட்டிக்கினு போறவளுக்கு நாக்கு கூட நீலமாப் பூடும்."

நான் சிரிக்கவில்லை. முதலாளி பழைய கழி ஒன்றையும் புதுக் கழி ஒன்றையும் எடுத்து வந்தார். வாசல் நிழலில் வைத்தார்.

"பழசு எது, புதுசு எதுன்னு காட்டுங்கண்ணா."

பார்த்தேன். குனிந்து பார்த்தேன். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. நல்ல வெளிச்சம். வடக்குப் பார்த்த வாசல். வழக்கப்படி எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

ஒன்றைக் காட்டினேன். தறிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் அவர் கிண்டல் பண்ணவில்லை. அது எனக்குக் கிண்டலைவிடக் கஷ்டமாக இருந்தது.

முதலாளி என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டர்ல கலர் பாக்கற டையிங் யூனிட்டு ஒண்ணு வந்து கீது. எல்லாரும் அங்கதான் போறாங்க. நான் உங்களுக்குன்னு வச்சிகினு கீறேன். கண்ண ஜல்தியாக் காட்டுங்க. இன்னொரு தடவை போட்டுப் பாப்போம். அதுவும் இப்படியே வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுண்ணா."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

வேலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேர் எழுதுகிற பெண் கேட்டாள்.

"கூட யார் வந்துருக்காங்க?"

"யாரும் இல்ல."

"ஆபரேஷன்னா ஆளு வேணுமே."

"அப்ப வருவாங்க."

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. வெள்ளைப் புரை இல்லை, பழுப்புப் புரை என்றார். தேநீர் டிகாஷன் கலருக்கு வந்துவிட்டதாம்.

"இது ஒரு நாள்ல வர்றது இல்லைங்கய்யா. வருஷக்கணக்கா ஏறியிருக்கு. என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்தக் கண்ணை வச்சிக்கிட்டா கலர் பாத்தீங்க? இதுக்குள்ள நீலம் போகவே போகாது. உங்க கண்ணுக்கு எப்பவும் சாயங்காலம்தான்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரித்தாள். எனக்குள் அந்த வார்த்தை எங்கேயோ போய் நின்றது. நான் யாரிடமும் அதிகம் கேட்கிறவன் இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"சாயங்காலம்னா ஏங்க கலர் மாறுது?"

வெளியே கூட்டம். ஆனாலும் அந்த அம்மா சொன்னார். சூரிய வெளிச்சத்தில் எல்லாக் கலரும் இருக்கிறது. காற்றுக்குள் வரும்போது நீலம்தான் அதிகமாகச் சிதறும். சிவப்பு அவ்வளவாகச் சிதறாது. பகலில் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து நேராக இறங்குகிறது. கடக்க வேண்டிய காற்று கொஞ்சம்தான். கொஞ்சம் நீலம் சிதறி வானம் பூராவும் பரவுகிறது. அதனால் வானம் நீலமாகத் தெரிகிறது. காலையிலும் சாயங்காலத்திலும் சூரியன் அடிவானத்தில் இருக்கிறது. வெளிச்சம் படுத்த வாக்கில் வெகுதூரம் காற்றுக்குள்ளேயே வர வேண்டும். நீலம் வழியிலேயே சிதறிப்போகும். மஞ்சளும் சிவப்பும்தான் நம்மிடம் வந்து சேரும்.

"வழியில போன நீலம் இன்னா ஆவுது?"

"அது எங்கயும் போயிடலைங்கய்யா. நமக்கு இருட்டற நேரத்துல மேற்க இருக்கற ஊருக்கு இன்னும் பகல்தானே. அவங்க வானத்துல அதுதான் நீலமா இருக்கும்."

அந்த நீலத்தை அங்கே யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன். விடியலிலும் அந்தியிலும் கலர் பார்க்கக் கூடாது என்றது இதற்காகத்தான். அந்த நேரத்து வெளிச்சத்தில் நீலம் குறைவு. அதில் பார்த்தால் நூலில் நீலம் ஏறினது தெரியாது, பற்றவில்லை என்றுதான் தோன்றும். கை மேலே மேலே போடும். வழக்கத்தை நான் ஒரு நாளும் தப்பியதில்லை. அந்தி கண்ணுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தால் வழக்கம் என்ன செய்யும்.

வலது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன். மகள் லீவு போட்டு வந்தாள். மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். முதலில் தெரிந்தது நர்ஸின் உடுப்பு. அப்படி ஒரு நீலம். கண் கூசித் தண்ணீர் வந்தது. மருந்தினால் என்று நர்ஸ் சொன்னாள். இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் நின்றுவிட்டேன். நடுவீட்டுச் சுவர் பால் போல வெள்ளையாக இருந்தது.

"சொவுத்துக்கு எப்ப வெள்ளை அடிச்ச?"

மகள் பையைக் கீழே வைத்தாள். "நான் அடிக்கல நைனா. இது அப்பவே வெள்ளைதான்."

அந்தச் சுவருக்காகப் பெயிண்டரோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். வெள்ளை அடிக்கச் சொன்னால் மஞ்சள் அடித்துவிட்டுப் போகிறாயே என்று தெருவே பார்க்கக் கத்தினேன். அந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டு போனான். அவன் போன பிறகு இவள் அம்மாவைக் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆமாங்க, லேசா மஞ்சள்தான் அடிக்குது. விடுங்க, அழுக்குத் தெரியாது" என்றாள்.

"உங்கம்மா மஞ்சள்னு சொன்னாளே" என்றேன்.

மகள் பைக்குள் எதையோ தேடினாள். தேடிக்கொண்டே சொன்னாள்.

"அம்மாக்குத் தெரியும் நைனா."

"இன்னா தெரியும்?"

"உனக்கு நீலம் தெரியலன்னு. என்னாண்ட சொல்லிச்சு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போம்மான்னேன். 'கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தொட்டியாண்டயே போவாது. நான் கீறேன் இல்ல, பாத்துக்கறேன்'னுச்சு. நானும் விட்டுட்டேன்."

சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி. மருந்து ஊத்து" என்றேன்.

இரண்டு நாள் இருந்துவிட்டு மகள் போனாள். புகை, தூசு பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுப்பை மூட்டாமல் வீட்டிலேயே கிடந்தேன். அந்த நாட்கள்தான் நீளமாக இருந்தன. ஒரு கண்ணை மூடுவேன், திறப்பேன். ஒரு வீட்டில் இரண்டு வீடு இருந்தது. இடது கண்ணுக்கு மஞ்சள் சுவர், வலது கண்ணுக்கு வெள்ளைச் சுவர்.

டாக்டர் அனுமதி கொடுத்ததும் நூலை வேக வைத்தேன். வெந்த பிறகு அந்தச் சவுக்காரத் தண்ணீர் கலங்கலாக இருக்கும். எப்போதும் சாக்கடையில் கொட்டுவதுதான். அன்றைக்கு ஒரு கண்ணாடி டம்ளரில் நல்ல தண்ணீர் பிடித்து அதில் அதைக் கொஞ்சம் ஊற்றினேன். மழை மூட்டம் போட்ட பகல். அறைக் கதவைச் சாத்தி, செல்போன் லைட்டைப் போட்டு டம்ளருக்குப் பின்னால் பிடித்தேன்.

பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீர் லேசான நீலம். அடுப்புப் புகை மாதிரி ஒரு நீலம். எதிரிலிருந்து பார்த்தால் லைட்டு மஞ்சள். இன்னும் கொஞ்சம் சவுக்காரத் தண்ணீர் ஊற்றினேன். ஆரஞ்சு ஆனது. இன்னும் ஊற்றினேன். பொழுது போகிற சூரியன் போலச் சிவந்து மங்கியது. அதே லைட்டு. அதே டம்ளர். வழி கனத்துப் போனது, அவ்வளவுதான்.

இத்தனை வருஷம் இதைச் சாக்கடையில் கொட்டியிருக்கிறேன்.

காட்டலாம் என்று எழுந்தேன். கதவைத் திறந்தேன். யாருக்குக் காட்டுவது. முற்றத்தில் மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டம்ளரை வெளியே ஊற்றிவிட்டுக் கழுவி வைத்தேன்.

முதலாளி அனுப்பிய நூல் வந்தது. கடைசி வாய்ப்பு. அதே கத்திரிப்பூ. தண்ணீர் சூடேறியதும் சாயத்தைக் கரைத்து நூலை இறக்கினேன். இடது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டேன். எத்தனையோ வருஷமாக இந்த வேலை செய்கிறேன். அவள் இருந்தவரை, எடுக்கலாமா வேண்டாமா என்று நானாக ஒரு முறைகூட முடிவு பண்ணியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தொட்டி கொதிக்கிறது, நிற்கிறேன், நேரம் போகிறது.

கழி நுனியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு போய் வாசலில் அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். அங்கே நான் உட்கார்ந்ததே இல்லை. எதிர்ச்சுவர் வெளிச்சம் மடியில் அடங்கி விழுந்தது. கூசவில்லை. நிழலும் தட்டவில்லை. நூலை ஊதி, சாம்பிளோடு சேர்த்துப் பிடித்தேன். சரியாக இருந்தது. ஆனாலும் கை நீலப் பொடி டப்பாவைத் தேடியது. இன்னும் கொஞ்சம் போடு என்றது. பழைய கண் சொல்லிக் கொடுத்த கை. மறுபடி ஒத்துப் பார்த்தேன். எழுந்து போய் டப்பாவை மூடி மேல் பலகையில் வைத்தேன். நூலை எடுத்துவிட்டேன்.

காய்ந்ததும் கடைக்குக் கொண்டுபோனேன். முதலாளி பழைய கழியோடு வைத்துப் பார்த்தார். உள்ளே பார்த்தார், வெளியே வந்து பார்த்தார். தறிக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

தறிக்காரர் இரண்டையும் கையில் வைத்து மாற்றி மாற்றிப் போட்டார். "இன்னாண்ணா, ரெண்டத்தையும் கலந்துட்டேன். எது எதுன்னு தெரியல. இப்ப என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்க போல."

முதலாளி சிரித்தார். அடுத்த நூலை எடுத்து என் முன்னால் வைத்தார். "இது ஐப்பசிக்குள்ள வேணும்ண்ணா" என்றார். தூக்கிக்கொண்டு வந்தேன்.

மகளுக்குப் போன் செய்து சொன்னேன். சந்தோஷப்பட்டாள். கொஞ்சம் ஏமாற்றமும் இருந்திருக்கும். ஓசூரில் எனக்கென்று ஒரு அறையை ஒழித்து வைத்திருந்தாள் என்று மாப்பிள்ளை சொன்னார்.

இடது கண்ணுக்கு நாள் குறித்தார்கள். மகள் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். நான் விடியற்காலை பஸ்ஸில் ஏறினேன். கிழக்குப் பக்க ஜன்னல் சீட்டு கிடைத்தது. ஊரைத் தாண்டியதும் ஏரி வந்தது. தண்ணீருக்கு மேலே சூரியன் எழும்பிக்கொண்டிருந்தது.

வலது கண்ணால் பார்த்தேன். அடியில் சிவப்பு, மேலே மஞ்சள், அதற்கும் மேலே நீலம் வெளுத்துக்கொண்டு வந்தது. வலது கண்ணைக் கையால் பொத்தி இடது கண்ணால் பார்த்தேன். எல்லாம் ஒரே செம்பு. நீலம் எங்கேயும் இல்லை. அவளோடு இருந்த கடைசி வருஷங்களில் நான் பார்த்த காலையெல்லாம் இதுதான். அவள் முகத்தையும் இந்தக் கலரில்தான் பார்த்திருக்கிறேன். மத்தியானத்துக்குள் இதை எடுத்துவிடுவார்கள்.

பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "கண்ணு வலியாங்க?"

"இல்லீங்க."

"பின்ன ஏன் மூடிகினு கீறீங்க?"

"இந்தக் கண்ணுல கொஞ்சம் பாத்துக்கறேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஏரிக்கரையை விட்டு வளையும் வரைக்கும் கையை எடுக்கவில்லை.